எலும்புக்குள் உறங்குபவை

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் பார்த்தவர் எனக்கு வழக்கமாக முடி வெட்டுகிறவர். கத்தரியை நிறுத்திவிட்டு, இடது காதுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார்.

"நெறி கட்டியிருக்கு சார். கால்ல கைல புண்ணு எதுவும் இருக்கா?"

இல்லை என்றேன். "அப்ப பல்லா இருக்கும்," என்று சொல்லிவிட்டு மறுபடி வெட்டத் தொடங்கினார். நானும் பல்லாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை முடி வெட்டப் போனபோது கட்டி அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. இரண்டும் வலிக்கவில்லை.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். நிருபர்கள் 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதி அனுப்பினால் 'மர்ம' என்பதை அடித்துவிட்டு, டாக்டரைக் கேட்டு எழுதச் சொல்வது என் வேலை. என் சொந்த உடம்பில் ஒரு மர்மம் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தும் யாரையும் கேட்கவில்லை. சாயங்காலம் தோறும் காய்ச்சல், விடிந்தால் நனைந்த பனியன் என்று ஆன பிறகு என் மனைவி சாந்திதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அவள் கே.கே. நகரில் பள்ளி ஆசிரியை. தாமதமாக வருகிற பிள்ளைகளைக் கூட்டிப் போவது போலவே கூட்டிப் போனாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆற்றுக்கு வடக்கே இருந்த அந்த மருத்துவமனையில் ரத்த நோய்களைப் பார்க்கிற டாக்டர் மரகதம் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். சிறிய வாக்கியங்களில் பேசுவார். கட்டியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சோதித்த பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"இது புற்றுநோய்தான். நிணநீர்ச் சுரப்பியில வர்றது. ஆனா மருந்துக்குக் கேக்கிற வகை. குணமாகக்கூடியது. ரெண்டையும் சேர்த்துக் கேளுங்க. முதல் வாக்கியத்தோட நிறுத்திராதீங்க."

தலைப்புச் செய்தியோடு நிறுத்துகிறவர்களை இருபது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு எனக்கும் தலைப்பு மட்டும்தான் காதில் விழுந்தது. சாந்திதான் இரண்டாவது வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரே தங்கை, செல்வி. கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் வாக்கப்பட்டவள். அவள் கணவர் ராசு. அவர்களுடைய மகன் பாண்டிக்கு அப்போது ஒரு வயது நிறையவில்லை. வைகாசியில் அவர்கள் குலதெய்வம் கோயிலில் அவனுக்கு மொட்டை எடுத்துக் காது குத்துவதென்று முடிவாகி, பத்திரிகையும் அச்சாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் முடி இறக்க வேண்டும், காது குத்த வேண்டும். செல்விக்கு நான் ஒருவன்தான் அண்ணன். ஆகவே மடி என்பது என் மடிதான். பத்திரிகையில் 'தாய்மாமன்' என்று போட்டு என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பிழை திருத்தியதும் நானே.

*

வைத்தியம் தொடங்கும் முன் எலும்பு மஜ்ஜையைச் சோதித்தார்கள். மஜ்ஜை என்பது எலும்புக்குள் இருக்கிற மெத்தென்ற சதை. ரத்தம் உற்பத்தியாவது அங்கேதான். நோய் அங்கே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பெலும்பின் பின்பக்கம் மரக்க ஊசி போட்டுவிட்டு ஒரு தடித்த ஊசியைத் திருகி இறக்கினார்கள். திருகும்போது வலியில்லை, அழுத்தம்தான். ஊசிக்குழாயை இழுத்து மஜ்ஜையை உறிஞ்சிய அந்த ஒரு கணம், காலின் நரம்பெல்லாம் இடுப்பு வழியாக வெளியே வருவது போல இருந்தது. "முடிஞ்சது" என்று டாக்டர் சொன்னபோது என் வாய்க்குள் துண்டு இருந்தது. அதை நானே கடித்துக்கொண்டேனா யாராவது திணித்தார்களா என்று தெரியவில்லை.

மஜ்ஜையில் நோய் இல்லை. அந்த நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு, "பத்திரிகைக்காரர்தானே, பாக்கிறீங்களா?" என்று டாக்டர் மைக்ராஸ்கோப்பை என் பக்கம் நகர்த்தினார். ஊதா நிறத்தில் பெரிதும் சிறிதுமாக அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. சில இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த நிலையிலேயே சாயத்தில் சிக்கியிருந்தன. திருவிழாக் கூட்டத்தை மொட்டைமாடியிலிருந்து பார்ப்பது போல இருந்தது.

"இம்புட்டையும் உண்டாக்குறது எது?" என்றேன்.

"ஸ்டெம் செல். எல்லா ரத்த அணுவுக்கும் மூல அணு அது. சிவப்பணு, வெள்ளணு, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு எல்லாம் அதோட வாரிசுதான்."

"இதுல எது அது?"

"தெரியாது. பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில இருக்கிற சாதாரண சின்ன வெள்ளணு மாதிரியேதான் இருக்கும். அது செய்ற வேலையை வச்சுத்தான் அது இருக்குன்னு சொல்றோம்."

அதன் வேலையையும் சொன்னார். ரத்த அணுக்கள் அற்பாயுசு உள்ளவை. சில வெள்ளணுக்கள் ஒரு நாள்கூடத் தாங்குவதில்லை. தினமும் கோடிக்கணக்கில் சாகின்றன, கோடிக்கணக்கில் பிறக்க வேண்டும். அந்தப் பிரசவத்தையெல்லாம் மூல அணு தானே பார்ப்பதில்லை. அது எப்போதாவது ஒரு தடவை பிரியும். அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் ராப்பகலாகப் பெருகி வேலை செய்கிறார்கள். மூல அணுக்களில் பெரும்பாலானவை எந்த நேரமும் வெறுமனே இருக்கின்றன. பிரிவதில்லை, பெருகுவதில்லை. உறக்கம்.

"சோம்பேறியா?" என்று கேட்டேன்.

"நீங்க பிழைக்கப் போறதே அந்தச் சோம்பேறியாலதான்," என்றார் டாக்டர்.

காரணம் இது. எனக்குத் தரப்போகிற மருந்துக்கு நல்ல அணு, கெட்ட அணு என்று ஆள் தெரியாது. பிரிந்துகொண்டிருக்கிற அணு எதுவானாலும் அடிக்கும். புற்று அணு ஓயாமல் பிரிவது, ஆகவே அதிகம் அடிபடும். கூடவே மஜ்ஜையில் வேலை செய்யும் இளம் அணுக்கள், முடியின் வேர், வாயின் உள்தோல் ஆகியவையும் அடிபடும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியும். ஆனால் உறங்குகிற மூல அணு பிரியாததால் மருந்தின் கண்ணில் படாது. பிறகு ரத்தம் குறைந்துபோனது அதற்கு எப்படியோ தெரியவரும். எழுந்திருக்கும். மறுபடி எல்லாவற்றையும் உண்டாக்கும்.

"எப்படித் தெரியும்?"

"அதை முழுசாக் கண்டுபிடிக்கலை. உடம்பிலிருந்து சில சாடைகள் போகுதுன்னு மட்டும் தெரியும்."

அவருக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன விதத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. என் தொழிலில் அப்படிச் சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

*

முதல் சுற்று மருந்தை நரம்பில் ஏற்றினார்கள், மாத்திரைகளும் இருந்தன. வாந்தியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது வந்தது, போனது. அதற்குப் பிந்திய நாட்களில்தான் வெள்ளணு சரியத் தொடங்கியது. வெள்ளணு இல்லாத உடம்பு கதவில்லாத வீடு. யாருடைய தும்மலும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். என்னைத் தனியறைக்கு மாற்றி, பார்வையாளர் யாரும் கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டார்.

எங்கள் சனத்துக்கு இப்படி ஓர் உத்தரவு இருக்க முடியும் என்பதே புரியவில்லை. ஒருவன் படுத்துக் கிடக்கிறான் என்றால் போய்ப் பார்க்க வேண்டும். தலைமாட்டில் நின்று கையைப் பிடித்து "எப்படி இருக்க?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அது நாளைக்குக் கல்யாணப் பந்தியில் பேச்சாக வரும். சொந்தங்கள் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். சாத்துக்குடி, ரொட்டி, ஹார்லிக்ஸ். சாந்தி அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா, பெத்த தாய் மாதிரி தூக்கி வளத்தவ நான். நான் பாக்கக் கூடாதா?" என்றார் ஒரு சின்னம்மா.

"உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கு சின்னம்மா."

"இது என்னைக்கும் இருக்கிற சளிதான்டி!"

கடைசியில் சாந்தி ஒரு ஏற்பாடு செய்தாள். என் அறை மாடியில்; ஜன்னலுக்குக் கீழே வேப்ப மரம். வந்தவர்களை மரத்தடியில் நிறுத்திவிட்டு என்னை ஜன்னலுக்கு வரச் சொல்வாள். கும்பிட வேண்டியவர்களைக் கும்பிட்டு, சிரிக்க வேண்டியவர்களிடம் சிரித்து, கட்சித் தலைவர் போலக் கையசைப்பேன். கீழேயிருந்து சின்னம்மா, "கறுத்துப் போய்ட்டானே!" என்று எல்லோருக்கும் கேட்கிறபடி சொல்வார். சாத்துக்குடியெல்லாம் வார்டு முழுக்கப் போகும்.

செல்வியும் பாண்டியைத் தூக்கிக்கொண்டு அந்த மரத்தடிக்கு வந்தாள். "மாமனைப் பாருடா!" என்று தூக்கிக் காட்டினாள். என் தலைமுடி அப்போது கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டிப் பாதி வழுக்கை. பையன் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதான்.

அடுத்த நாள் காய்ச்சல் வந்தது. வெள்ளணு ஆயிரங்களில் இருக்க வேண்டியது சில நூறுகளுக்கு வந்திருந்த சமயம். பற்கள் தந்தியடித்தன. டாக்டர் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றச் சொன்னார். அதுவரை எனக்கு அந்த மூல அணு ஒரு சுவாரஸ்யமான செய்தி. அன்றிலிருந்து அது எனக்குக் கடன் திருப்பித் தர வேண்டிய ஆளாகிவிட்டது. எழுந்திருக்கிறதா, இன்னும் படுத்திருக்கிறதா? எழுந்திருக்காமலே போய்விடுமா?

"அப்படிப் போகிறது உண்டா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அபூர்வமா உண்டு. உங்களுக்கு அப்படி ஆகாதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறேன்னா?"

"நினைக்கிறேன்னா நினைக்கிறேன்தான். சத்தியம் பண்ண மாட்டேன்."

காலையில் விரல்நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள். மதியத்துக்கு முன் எண் வரும். சாந்தி பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு அந்த எண்ணுக்காகவே உட்கார்ந்திருப்பாள். அது வருகிற வரை சாப்பிட மாட்டாள். வந்த பிறகும் பெரும்பாலும் சாப்பிட மாட்டாள். நான் படிக்கச் சொன்னால் படிப்பாள், குரலில் ஒன்றும் காட்டாமல். வகுப்பில் மார்க் படிக்கிற குரல். குறைந்தது. மறுநாளும் குறைந்தது. பிறகு அசையாமல் நின்றது.

ஒரு நாள் எண் வரவில்லை, டாக்டரே வந்தார். "எண்ணிக்கை நேத்து மாதிரிதான். ஆனா ஸ்லைடுல இளம் வெள்ளணு தெரியுது. குழந்தைகள். குழந்தை இருந்தா வீட்ல ஆள் எந்திரிச்சிருச்சுன்னு அர்த்தம்."

சாந்தி காலையில் வீட்டிலிருந்து வந்த இட்லியைத் திறந்து, அங்கேயே நின்றபடி சாப்பிட ஆரம்பித்தாள். எனக்குக் கூடக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை நான் வியந்துதான் எழுத முடியும். காய்ச்சல் விட்டது. எண் இரட்டித்தது, மீண்டும் இரட்டித்தது. வாய்ப்புண் ஆறியது. வெள்ளணுவை ஏற்ற யாரும் எதுவும் செய்யவில்லை. கொடுக்க அப்போது மருந்தும் கிடையாது. என் எலும்புகளுக்குள், என் அனுமதியில்லாமல், என் கண்ணுக்குத் தெரியாத சில அணுக்கள் எழுந்து ஒரு ஊருக்கு வேண்டிய சனத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தன. எண்ணிக்கை வழக்கமான அளவையும் தாண்டிப் போனது.

*

அந்த உயர்ந்த எண்தான் வம்பைக் கொண்டுவந்தது.

ராசு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அடுத்த சுற்று மருந்தை டாக்டர் குறித்த நாளில் போட்டால், வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கிற நாட்களில் காதுகுத்து வருகிறது. கோயில் கூட்டம், கிடா வெட்டு, தூசி. நான் போக முடியாது. ஒரு வாரம் முன்னதாகவே போட்டுவிட்டால் அதற்குள் சரிந்து ஏறிவிடும். மடிக்கு ஆள் தயார். எண்தான் இவ்வளவு நன்றாக இருக்கிறதே! எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இரண்டு பேருமாக டாக்டரின் அறைக்குப் போனோம்.

"டாக்டரம்மா, மச்சானுக்கு இப்பத்தான் தெம்பு இருக்கு. இப்பவே அடுத்த ஊசியைப் போட்டுருங்க. தெம்பா இருக்கையிலதான தாங்கும்?" என்றார் ராசு.

"மாட்டேன்," என்றார் டாக்டர்.

"கவுண்டு ஏறிருச்சே?"

"அதனாலதான் மாட்டேன். அது ஏன் ஏறுது? தூங்குனதெல்லாம் எந்திரிச்சுப் பிரிஞ்சுக்கிட்டு இருக்கு. மருந்து எதை அடிக்கும்? பிரியிறதை. போன தடவை அது தூங்குச்சு, தப்பிச்சது. இப்ப முழிச்சிருக்கிற நேரம் பாத்து அடிச்சா வேரோட போயிரும். ரத்தம் நிரம்புனதும் அதுவே திரும்பப் படுத்துக்கும். அது படுக்கிற வரைக்கும் காத்திருக்கணும்."

ராசு சமாதானமாகவில்லை. "ஒரு வாரம்தான டாக்டரம்மா."

டாக்டர் அவரையே பார்த்தார். "உங்க வயல்ல கோரை உண்டா?"

"கோரை இல்லாத வயக்காடு ஏது?"

"மருந்தடிச்சா சாகுதா?"

"மேல இருக்கிறது கருகும். மண்ணுக்குள்ள கிழங்கு கெடக்கும்ல? அதுக்கு ஒண்ணும் ஆகாது. நாலு நாள்ல தளுத்துரும்."

"அப்புறம் எப்படித்தான் அதை ஒழிக்கிறது?"

"அதுக்கு ஒரே வழிதான். விடக் கூடாது. தளுக்கத் தளுக்க வெட்டணும். கிழங்குல இருக்கிற சத்தையெல்லாம் போட்டு இலை விடுதுல்ல, அது மறுபடி கிழங்குல சேமிக்கிறதுக்குள்ள வெட்டிப்புடணும். அப்படியே ரெண்டு மூணு தடவ வெட்டுனா கிழங்கு ஓஞ்சு..."

அதோடு நிறுத்திவிட்டார். கை இன்னும் களைக்கொத்தைப் பிடித்த மாதிரி காற்றில் இருந்தது.

"ஆத்தி," என்றார் ராசு.

வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மச்சான், எம் பொழப்புல கோரைக்கு நல்லாருன்னு சொன்னதே இல்ல. இனிமே உங்களுக்காகச் சொல்லணும் போல."

"வயல்ல போய்ச் சொல்லிராதீங்க மாப்ள. கேட்டுக்கிடும்," என்றேன்.

சிரித்தோம். ஆனால் காதுகுத்துப் பிரச்சினை அப்படியேதான் இருந்தது. அவர்கள் வழக்கத்தில் ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள். இந்த வைகாசியை விட்டால் பிள்ளைக்கு மூன்றாம் வயது நடக்கும்போதுதான். ராசுவின் தகப்பனார் எங்கள் பங்காளிகளில் செல்விக்கு அண்ணன் முறையாகிற ஒருவரை மாமனாக உட்கார வைத்து முடித்துவிடலாம் என்று சொன்னாராம். கிடா வாங்கியாகிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. அதோடு, மூன்றாம் வயது வரை யார் இருப்பார், யார் இருக்க மாட்டார், யாருக்குத் தெரியும் என்றும் கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எல்லோர் மனதிலும் இருந்ததை வாய்விட்டுச் சொன்னவர் அவர் ஒருவர்தான். என் மனதிலும் அதுதான் இருந்தது.

செல்வி அவரிடம் சொன்ன பதிலை எனக்கு ராசுதான் வந்து சொன்னார். "எங்கண்ணன் இருக்கும் மாமா. நீங்க இருப்பீகளான்னு பாத்துக்கங்க."

"உங்கப்பா என்ன சொன்னாக?"

"சிரிச்சுப்புட்டாரு. கெடாவைக் கொட்டத்துல கட்டச் சொல்லிட்டாரு. அது பாட்டுக்கு உங்க புண்ணியத்துல தின்னு கொழுக்கட்டும்."

பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் ராசு நேரில் போய், விசேஷம் தள்ளிப்போகிறது என்று சொல்லி வந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் என் நோயைச் சொல்லவில்லை. "மச்சானுக்கு ஆபீசுல லீவு இல்ல" என்றே சொல்லியிருக்கிறார். அந்த வட்டாரத்தில் என் பத்திரிகை முதலாளிக்கு நல்ல பெயர் போனது அப்படித்தான்.

அவர்கள் தள்ளிப்போட்டது ஒரு சடங்கை மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். நான் இருப்பேன் என்று பந்தயம் கட்டியிருந்தார்கள். மருந்தைவிட அது கனமாக இருந்தது.

*

மீதிச் சுற்றுகள் டாக்டர் சொன்ன இடைவெளியில்தான் நடந்தன. சரிவு, காத்திருப்பு, எழுச்சி, மறுபடி அமைதி. பழக்கமான பிறகு நான் சரிவைப் பார்த்தோ எழுச்சியைப் பார்த்தோ ஆச்சரியப்படுவதில்லை. நான்காவதாக வருகிற அந்த அமைதிதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. எண் ஏறும், அளவைத் தாண்டும், பிறகு தானாகவே இறங்கி ஒரு மட்டத்தில் நிற்கும். போதும் என்று யார் சொல்கிறார்கள்? எழுப்புவதாவது அவசரம், அவசரத்தில் யாரும் எழுவார்கள். வேலை முடிந்தது என்று தெரிந்து, இருக்கிற பலத்தையெல்லாம் செலவழித்துவிடாமல், மறுபடி போய்ப் படுத்துக்கொள்வது எப்படி?

டாக்டரிடம் கேட்டேன். "எழுப்புறதைப் பத்திக் கொஞ்சம் தெரியும். படுக்க வைக்கிறதைப் பத்தி அதைவிடக் கொஞ்சமாத்தான் தெரியும்," என்றார். பிறகு என் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "இங்க இருந்ததே, அதுக்கு உங்க மத்த அணுக்களைவிட எதுவும் அதிகமாத் தெரியாது. போதும்னு நிறுத்தத் தெரியலை. அவ்வளவுதான் வித்தியாசம்."

ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு மஜ்ஜை தாமதித்தது. எண் மெதுவாக, மனமில்லாததுபோல ஏறியது. குறித்த நாள் வந்தும் டாக்டர் மருந்தைத் தள்ளிவைத்தார். "களைச்சிருக்கு. தூங்கட்டும்," என்றார். வார்டில் இருந்த ஒரு இளைய டாக்டர், தள்ளிவைத்தால் நோய்க்கு இடம் கொடுத்ததாகாதா என்று கேட்டார். "ஆகலாம்," என்றார் மரகதம். "ரெண்டு பக்கமும் பயம் இருக்கு. இன்னைக்கு எனக்கு இந்தப் பக்கம் அதிகமா இருக்கு." அந்த வாரம் சாந்தி வாசல் ஸ்டூலில் மறுபடி வந்து உட்கார்ந்தாள். ராசு ஊரிலிருந்து என் ஆபீசுக்குப் போன் போட்டு, "மச்சானோட கெழங்கு எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க," என்றார். அந்த அழைப்பை எடுத்த நண்பர் நான் சேனைக்கிழங்கு வியாபாரம் ஆரம்பித்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

மஜ்ஜை தேறியது. ஆறாவது சுற்றும் முடிந்தது. கழுத்தில் கட்டியில்லை, எக்ஸ்ரேயில் நிழலில்லை.

இதற்குள் பாண்டி நடக்கவும் பேசவும் தொடங்கியிருந்தான். காது குத்தாததால் முடியும் எடுக்கவில்லை. செல்வி அவனுக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டியிருந்தாள். பஸ்ஸில் எல்லோரும் "பாப்பா பேரென்ன?" என்று கேட்டார்களாம். அவன் கே.கே. நகர் வீட்டுக்கு வந்தபோது என் தலையில் அப்போதுதான் பூனைமயிர் துளிர்த்திருந்தது. முன்பு அழுத பையன் இப்போது மடியில் ஏறி நின்று என் தலையைத் தடவினான்.

"மாமாவுக்கு முடியக் குடுடா," என்றாள் செல்வி.

"மாட்டேன். சாமிக்கு," என்றான்.

மூன்றாம் வயது வைகாசியில் அந்தச் சாமிக்கு அது போனது. கிடா யானை மாதிரி கொழுத்திருந்தது. ராசுவின் தகப்பனார் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இருக்கேன், பாத்துக்க," என்று மருமகளிடம் சொன்னார். நான் பட்டு வேட்டியில், சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முதல் சுற்றின்போது ஒரு வயதுப் பிள்ளையைத் தாங்க என் தொடையில் சதை இருந்திருக்காது. இப்போது மூன்றாம் வயது நடக்கிற பிள்ளை, எருமைக்கன்று போலத் திமிறினான். முடி இறங்கியது. சந்தனம் பூசினார்கள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்தபோது பாண்டி என் இடுப்பில் ஒரு உதை விட்டான். எலும்பில், ஊசி இறங்கிய இடத்துக்கு வெகு பக்கத்தில். வலித்தது. எனக்கு அது நல்ல வலியாக இருந்தது.

சில வாரம் கழித்து செல்வி அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவனை மடியில் போட்டுக் காதைப் பார்த்தேன். பிழை திருத்துகிற பூதக்கண்ணாடியைக்கூட எடுத்து வந்து பார்த்தேன். கம்பி போன துளையைச் சுற்றிப் புதுத்தோல் வந்திருந்தது. புண் இல்லை, தழும்பு தடித்திருக்கவில்லை.

"ஆறிருச்சுண்ணே," என்றாள் செல்வி. "சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டுப் புள்ளைக்குத் துளை தூந்தே போச்சு. இவனுக்கு எங்க நிக்கணுமோ அங்கனயே நின்னுருச்சு."

பாண்டி என் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். முன்பு நேராக இருந்த முடி இப்போது சுருட்டையாக வளர்ந்திருந்தது. அவனுடைய மொட்டைத் தலையிலும் கறுப்பாகத் துளிர் கட்டியிருந்தது. "என்னதும் வந்துருச்சு," என்றான். பிறகு பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு என் மடியிலேயே தூங்கிப்போனான்.

செல்வி அவனைத் தூக்க வந்தாள். வேண்டாம், தூங்கட்டும் என்றேன்.